ஷாஃப்டை நடுவில் அறுக்காதீர்கள்

வீட்டில் கட்டும் காருக்காக மாருதி ஆம்னி வேனின் ப்ரொப்பல்லர் ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் குழாய்) குட்டையாக்க, நடுவில் அறுத்து வெல்டு வைத்தால் போதும், குட்டையானதற்குப் பேலன்சிங் (சுற்றும்போது ஆடாதபடி எடையைச் சமன் செய்வது) தேவையில்லை என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கால்வாசிதான் உண்மை. குட்டை ஷாஃப்ட் வில்லாக வளைந்து ஆடத் தொடங்கும் வேகம் உயரும், சரி. ஆனால் கோணலாக ஒட்டிய குழாய் எந்த நீளத்திலும் ஆடும். நேரடி கியரில், அதாவது இன்ஜின் வேகம் அப்படியே ஷாஃப்டுக்குப் போகும் கியரில், இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் ஷாஃப்டும் 3000தான். நொடிக்கு 50 தடவை.

அறுக்க வேண்டிய இடம் முனை. யோக்கின் (குழாய் முனையில் மூட்டைப் பிடிக்கும் கவை) வெல்டை லேத்தில் கடைந்து எடுத்து, குழாயை அந்தப் பக்கம் குறைத்து, யோக்கை மறுபடி உள்ளே இறுக்கமாக இறக்க வேண்டும். அதற்கு முன்பே குழாய் நெடுக ஒரு கோடு கீறிவிடுங்கள். இரண்டு முனை யோக்கும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும் அல்லவா? டேக் (புள்ளி புள்ளியாகத் தற்காலிக வெல்டு) வைத்ததும் டயல் கேஜில் (கோணலை அளக்கும் கருவி) சுற்றிப் பார்த்து, அப்புறம்தான் முழு வெல்டு. கடைசியில் பேலன்சிங்.

நான் வீட்டில் கட்டிய இரண்டு சீட்டு காருக்கு ஒரு பட்டறையில் யோக்கைக் கொஞ்சம் திருப்பி ஒட்டிவிட்டார்கள். ரிங் ரோட்டில் 60ஐத் தாண்டியதும் கண்ணாடியில் பின்னால் வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது!

நீளத்தை ஜாக்கியில் தூக்கி வைத்து அளக்காதீர்கள். நான்கு சக்கரமும் தரையில், ஆள் உட்கார்ந்த எடையோடு அளந்து, ஸ்ப்லைன் (ஷாஃப்ட் முன்னும் பின்னும் சறுக்கும் பல் வெட்டிய முனை) உள்ளே போக இரண்டு சென்டிமீட்டராவது விடுங்கள். மதுரையில் லாரி ஷாஃப்ட் வேலை பார்க்கும் பட்டறைக்கே போங்கள். பேலன்சிங் மெஷின் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.