பார்வை கூடியது சரி. கூட்டியது எது?

"ஸ்டெம் செல் ஊசியால் பார்வை திரும்பியது" என்று ஒரு செய்தி வந்தால் போதும். பரம்பரை விழித்திரை நோய் உள்ள குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றையும் அது ஒரே நாளில் சுற்றி வந்துவிடும். சுற்றட்டும். நம்பிக்கை வைக்காதீர்கள் என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. ஆனால் அந்தச் செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு கேள்வி இருக்கிறது: பார்வையைக் கூட்டியது அந்தச் செல்கள்தான் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்? இந்தச் சிகிச்சைகளைச் சோதிப்பதில் முக்கால்வாசி உழைப்பு இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடுவதிலேயே போகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நோயைப் பற்றி இரண்டு வரி. ஆர்.பி. என்று சுருக்கமாகச் சொல்லும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவில் குச்சிச் செல்கள் முதலில் சாகின்றன. இருட்டில் தடுமாற்றம் வரும், பிறகு பக்கப் பார்வை சுருங்கும். ஸ்டார்கார்ட் நோயில் நடுப்பார்வை போகிறது. இப்படி விழித்திரையைப் பழுதாக்கக்கூடிய மரபணுக்கள் 270க்கும் மேல் தெரியவந்துள்ளன. அவற்றில் ஆர்.பி.இ.65 என்ற ஒரே ஒரு மரபணுவுக்கான சிகிச்சை 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கும் விழித்திரையில் செல்கள் உயிரோடு மிச்சமிருக்க வேண்டும். செத்துப்போன செல்லுக்கு நல்ல மரபணுவைக் கொண்டுபோய் என்ன செய்வது? வேறு வகைச் செல்லாக உருமாறக்கூடிய ஸ்டெம் செல்லைப் பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

ஆய்வகத்தில் ஸ்டெம் செல்லிலிருந்து இரண்டு வகைச் செல்களை வளர்க்கிறார்கள். ஒன்று, ஒளியுணர் செல்களுக்கு அடியில் ஒற்றை அடுக்காக விரிந்திருக்கும் நிறமிச் செல்கள், அதாவது ஆர்.பி.இ. இன்னொன்று, ஒளியுணர் செல்களே. முதல் வகைக்கு நரம்பு இணைப்பு தேவையில்லை. சரியான இடத்தில், சரியான பக்கம் மேலாக உட்கார்ந்து, மேலே உள்ள செல்கள் தினமும் உதிர்க்கும் கழிவை விழுங்கினால் போதும். இரண்டாம் வகை, அடுத்த நரம்புச் செல்லோடு கைகோத்தால்தான் பயன். மனிதச் சோதனைகளில் ஆர்.பி.இ. முன்னால் ஓடியதற்கு இதுவே காரணம்.

முதல் சோதனை தட்டிலேயே நடக்கிறது. நல்ல ஆர்.பி.இ. அடுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தேன்கூடு மாதிரி அறுகோணங்கள் நெருக்கமாக இருக்கும், பழுப்பு நிறம் ஏறியிருக்கும். ஆனால் அழகாக இருப்பதை வைத்து ஒரு தொகுதிக்கு அனுமதி கொடுத்துவிட முடியாது. அடுக்கின் குறுக்கே மின்தடையை அளக்கிறார்கள். செல்களுக்கு இடையிலான பிணைப்பு இறுக்கமாக இல்லாவிட்டால் அந்த எண் ஏறாது. ஒளிரும் சாயம் ஏற்றிய ஒளியுணர் செல் துணுக்குகளைப் போட்டு, எத்தனை செல்கள் விழுங்கின என்று எண்ணுகிறார்கள். பெஸ்ட்1, ஆர்.பி.இ.65 போன்ற அடையாளப் புரதங்கள் இருக்க வேண்டும். ஸ்டெம் செல்லுக்கே உரிய ஆக்ட்4, லின்28 இருக்கக் கூடாது. கிருமி, மைக்கோபிளாஸ்மா சோதனைகள் தனி.

"இருக்கக் கூடாது" என்றேன். எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்து இல்லை என்கிறோம் என்பதில்தான் சிக்கல். ஒரு கண்ணுக்கு 1,00,000 செல்கள் போகின்றன என்று வையுங்கள். அதில் உருமாறாத ஸ்டெம் செல்கள் 0.01 சதவீதம் என்றால் 10 செல்கள். காகிதத்தில் அது சுத்தமான தொகுதி. கண்ணுக்குள் அந்தப் பத்துச் செல்கள் பெருகினால் கட்டி. எனவே ஒரு நிறுவனம் "எதிர்மறை" என்று அறிக்கை தந்தால், அந்தச் சோதனையின் கண்டறியும் எல்லை என்ன என்று கேட்டே ஆக வேண்டும். எல்லையைச் சொல்லாத எதிர்மறை வெறும் வாய்வார்த்தை. நோய் எதிர்ப்பு இல்லாத எலிகளில் இதே செல்களைச் செலுத்திப் பல மாதங்கள் காத்திருந்து பார்ப்பதும் இதற்காகத்தான்.

குரோமோசோம் சோதனையிலும் இதே கதை. வழக்கமான பட்டைச் சாயச் சோதனை 50 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகளுக்குக் கீழான மாற்றங்களைப் பொதுவாகத் தவறவிடும். ஆனால் ஸ்டெம் செல்கள் தட்டில் நீண்ட நாள் வளரும்போது அடிக்கடி வரும் கோளாறு, 20ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு சிறு துண்டு இரட்டிப்பது. அந்தத் துண்டில் செல் சாவைத் தடுக்கும் மரபணு ஒன்று இருக்கிறது. அது கிடைத்த செல், பக்கத்துச் செல்களை முந்திக்கொண்டு தட்டை நிரப்பிவிடும். பட்டைச் சோதனையில் தொகுதி "இயல்பு" என்றே வரும். குறிவைத்த டி.என்.ஏ. சோதனையோ முழு மரபணு வாசிப்போ இல்லாமல் இதைப் பிடிப்பது கடினம்.

ஜப்பானின் கோபே நகரில் நடந்ததை இந்த இடத்தில் நினைவுபடுத்த வேண்டும். 2014 செப்டம்பரில் மசாயோ தகாஹாஷி குழு, நோயாளியின் சொந்தத் தோல் செல்லிலிருந்து ஐ.பி.எஸ். செல் (வளர்ந்த செல்லைப் பின்னோக்கி மாற்றி எடுக்கும் ஸ்டெம் செல்) உண்டாக்கி, அதிலிருந்து வளர்த்த ஆர்.பி.இ. தகட்டை முதன்முதலாக ஒரு மனிதக் கண்ணில் வைத்தது. அவருக்கு இருந்தது வயது சார்ந்த மாகுலா நோய், அதாவது விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா பழுதாவது. பரம்பரை நோய் அல்ல. தகடு நிலைத்தது, பார்வை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டாவது நோயாளிக்குத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதும் அறுவையை நிறுத்திவிட்டார்கள். அப்போது பலர் இதைத் தோல்வி என்று எழுதினார்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிக நேர்மையான நாட்களில் அது ஒன்று. தங்கள் சோதனை காட்டியதைத் தாங்களே மதித்து நின்றார்கள்.

சொந்தச் செல் என்றதும் ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். பரம்பரை நோயில் உங்கள் தோல் செல்லிலும் அதே மரபணுப் பிழை இருக்கிறது. அதிலிருந்து வளர்க்கும் விழித்திரைச் செல்லும் அதே பிழையோடுதான் பிறக்கும். ஒன்று, பிழையைத் திருத்த வேண்டும். திருத்தும் கருவி வேறெங்காவது வெட்டிவிட்டதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் வேறொருவரின் செல்லை வைத்து, உடல் நிராகரிக்காமல் இருக்க மருந்து கொடுக்க வேண்டும். ஸ்டார்கார்ட் நோயில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஏ.பி.சி.ஏ.4 மரபணு முக்கியமாக வேலை செய்வது ஒளியுணர் செல்லில். புது ஆர்.பி.இ. வைத்தாலும் மேலே இருப்பது அதே பழைய ஒளியுணர் செல், கீழே கொட்டுவது அதே நச்சுக் கழிவு. புதுச் செல் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைச் சில மாதச் சோதனை சொல்லாது.

அடுத்து விலங்குகள். ஆர்.சி.எஸ். என்ற எலி இனம் இங்கே பிரபலம். மெர்டிகே மரபணுப் பிழையால் அதன் ஆர்.பி.இ. கழிவை விழுங்காது, பிறந்து சில வாரங்களில் ஒளியுணர் செல்கள் சரியத் தொடங்கும். சரிவுக்கு முன்னால் செல்களைச் செலுத்தினால் அந்த இடத்தில் அடுக்கு தப்பிக்கிறது. ஆனால் இதே எலியில் வெறும் உப்பு நீரைச் செலுத்தினாலும் ஊசி போன இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் தப்பிக்கும். காயத்துக்கு எதிர்வினையாக விழித்திரை சுரக்கும் வளர்ச்சிப் பொருட்களின் வேலை அது. எனவே ஊசியே போடாத கண், செல் இல்லாத திரவம் மட்டும் போன கண், வேறு வகைச் செல் அல்லது இறந்த செல் போன கண், சிகிச்சைச் செல் போன கண் என நான்கையும் பக்கத்தில் வைத்துக் காட்டாத விலங்கு ஆய்வை நான் பாதி ஆய்வாகத்தான் எடுத்துக்கொள்வேன். எலிக்கு மாகுலா கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது.

துறையையே உலுக்கிய பாடம் 2016இல் வந்தது. அதற்கு முன் பத்தாண்டுகளாக, பச்சையாக ஒளிரும் ஒளியுணர் செல்களை எலிக்கண்ணில் வைத்து, பிறகு விழித்திரையை வெட்டிப் பார்த்தால், சரியான அடுக்கில், சரியான வடிவத்தில் பச்சைச் செல்கள் நின்றன. வைத்த செல்கள் உள்ளே நுழைந்து குடியேறிவிட்டன என்று எல்லோரும் நம்பினார்கள். பிறகு தனித்தனிக் குழுக்கள், பெறும் எலியின் செல்களுக்கும் சிவப்பு அடையாளம் கொடுத்துப் பார்த்தன. அந்தப் பச்சைச் செல்களில் பெரும்பாலானவற்றில் சிவப்பும் இருந்தது. ஆண் எலியின் செல்லைப் பெண் எலிக்கு வைத்து ஒய் குரோமோசோமைத் தேடினார்கள். பச்சையாக ஒளிர்ந்த பெரும்பாலான செல்களின் கருவில் ஒய் இல்லை. அதாவது அவை அந்தக் கண்ணின் பழைய செல்களே. வைத்த செல்கள் வெளியே நின்றபடியே தங்கள் புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் அவற்றுக்குக் கைமாற்றிவிட்டிருந்தன. இதுவும் ஒரு பயன்தான், பழைய செல் உயிரோடு இருக்கும்வரை. எல்லாம் செத்துப்போன கண்ணில் கைமாற்ற யார் இருக்கிறார்கள்? முற்றிய ஆர்.பி.க்கு இந்தச் சிகிச்சை என்று சொல்பவர்கள், ஒளியுணர் அடுக்கே இல்லாத கண்ணில் அது வேலை செய்ததைக் காட்ட வேண்டும்.

அறுவையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுத்துவிட்டு, முடி போன்ற குழாயால் விழித்திரையைத் துளைத்து, அதன் அடியில் சிறு குமிழி எழுப்பிச் செல்களை விடுகிறார்கள். சிரிஞ்சில் செல்கள் அடியில் படிந்துவிடும், குழாய்ச் சுவரில் ஒட்டும், அழுத்தத்தில் கொஞ்சம் சாகும். எனவே குப்பியில் எண்ணிய கணக்கை நம்பாமல், அதே குழாய் வழியாக வெளியே வந்த உயிருள்ள செல்களை எண்ண வேண்டும். துளை வழியாகச் செல்கள் மேலே கசிந்தால் விழித்திரையின் மேற்பரப்பில் சவ்வு படர்ந்து சுருக்கும். தகடாக வைத்தால் கசிவு குறைவு, ஆனால் துளை பெரிது.

இனி மனிதர்கள். முதல் கட்டச் சோதனையில் மோசமான கண்ணைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அது நியாயம்தான். ஆனால் அந்தக் கண்ணில் பலன் தெரியும் வாய்ப்பும் மிகக் குறைவு. இந்தக் கட்டம் பாதுகாப்பை மட்டுமே கேட்கிறது. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 9 ஸ்டார்கார்ட் நோயாளிகளுக்கும் 9 மாகுலா நோயாளிகளுக்கும் 50,000 முதல் 1,50,000 வரை கருநிலை ஸ்டெம் செல்லிலிருந்து வந்த ஆர்.பி.இ. செலுத்தினார்கள். 10 கண்களில் எழுத்துகள் கூடின, 7இல் குறையவில்லை, ஒன்றில் 10 எழுத்துக்கு மேல் குறைந்தது. தலைப்புச் செய்தி ஆனது அந்த 10. எனக்கு முக்கியமாகப் படுவது, பெருகும் கட்டி எதுவும் வரவில்லை என்பதும், வந்த தொல்லைகள் அறுவையாலும் எதிர்ப்புத் தடுப்பு மருந்தாலும் வந்தவை என்பதும். 18 பேரில் 13 பேருக்கு விழித்திரைக்கடியில் நிறமி கூடியது. அந்த நிறமி வைத்த செல்லா, நோயாளியின் சொந்த நிறமி இடம் மாறியதா என்பதை வெளியிலிருந்து படம் எடுத்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எழுத்து அட்டையை அருகில் பார்ப்போம். ஒரு வரிக்கு 5 எழுத்து. 15 எழுத்து கூடினால் பொருளுள்ள முன்னேற்றம் என்று ஒழுங்குமுறை அமைப்புகள் கருதுகின்றன. பார்வை மிகக் குறைந்தவர்களிடம் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே வாரத்துக்கு வாரம் ஒன்றிரண்டு வரி ஏறி இறங்கும். நடுப்பார்வை போனவர் கண்ணைச் சற்றுத் திருப்பி ஓரத்தால் படிக்கப் பழகுவார், எழுத்து கூடும். சோதிப்பவர் "இன்னும் கொஞ்சம் முயலுங்கள்" என்று சொன்னால் கூடும். ஜெல்லை எடுத்த கண்ணில் கண்புரை வரும், அதை அகற்றினால் கூடும். இவை எதிலும் ஸ்டெம் செல்லுக்குப் பங்கில்லை. ஆகவே சிகிச்சைக்கு முன்பே பலமுறை அளந்து பழக்கி நிலைப்படுத்த வேண்டும். எந்தக் கண் சிகிச்சை பெற்றது என்று அளப்பவருக்குத் தெரியக் கூடாது. விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. படத்தில் ஒளியுணர் அடுக்கின் அகலம், புள்ளி புள்ளியாக உணர்திறனை அளக்கும் மைக்ரோபெரிமெட்ரி, முற்றிய நோயில் மங்கலான ஒளியைக் கண்டதும் பொத்தானை அழுத்தும் சோதனை ஆகியவற்றையும் கூடவே வைக்க வேண்டும். முன்னேற்றம் உண்மையானால் செல் வைத்த இடமும் உணர்திறன் கூடிய இடமும் படத்தில் பொருந்தி வர வேண்டும்.

கால அளவும் பெரிய பிரச்சினை. ஆர்.பி. மெதுவாக நகரும் நோய். ஓராண்டில் சிகிச்சை பெறாத கண்ணும் பெரிதாக மாறாது, அதனால் "நோய் நின்றுவிட்டது" என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். கோபேயில் 2020இல் ஐ.பி.எஸ். செல்லிலிருந்து வளர்த்த விழித்திரைத் தகட்டை 2 ஆர்.பி. நோயாளிகளுக்கு வைத்தார்கள். 2 ஆண்டுகள் கழித்தும் தகடு நிலையாக இருந்தது, பெரிய தீங்கில்லை என்று 2023இல் எழுதினார்கள். பார்வை திரும்பியது என்று அவர்கள் கோரவில்லை. அந்த அளவான பேச்சுக்காகவே அந்த ஆய்வை மதிக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் பதிவாகியிருக்கிறது. 2017இல் ஒரு மருத்துவ இதழ் மூன்று பெண்களைப் பற்றி வெளியிட்டது. மாகுலா நோய்க்காக, சொந்த வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த "ஸ்டெம் செல்"லை, இரண்டு கண்ணிலும் ஒரே நாளில், பணம் வாங்கிக்கொண்டு ஊசி போட்டிருந்தார்கள். மூவருக்கும் பார்வை கடுமையாகப் போனது. அவர்களில் சிலர் இதை ஆராய்ச்சிச் சோதனை என்று நம்பியிருந்தார்கள், அரசுப் பதிவேட்டில் அப்படி ஒரு பதிவு இருந்ததால். பதிவேட்டில் பெயர் இருப்பது அனுமதி அல்ல. அதில் யார் வேண்டுமானாலும் பதியலாம்.

யாராவது உங்கள் வீட்டாரை இப்படியொரு சிகிச்சைக்கு அழைத்தால், முதலில் மரபணு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அது என்ன செல், யாருடையது, எந்த அடுக்குக்குப் போகிறது என்று கேளுங்கள். ஒப்பிடும் குழு எது, அளப்பவருக்குத் தெரியாமல் மறைக்கிறார்களா, எத்தனை ஆண்டு பின்தொடர்வார்கள், கட்டியோ சவ்வோ வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். பணம் கேட்டால் எழுந்து வாருங்கள். முதல் நாளிலேயே இரண்டு கண்ணிலும் போடலாம் என்றால் இன்னும் வேகமாக எழுந்து வாருங்கள். உங்கள் அடுத்த கண்தான் அந்தச் சோதனையின் ஒப்பீடு. மிச்சமிருக்கும் பார்வையும் அதில்தான் இருக்கிறது.