கரையில் பேசிய விலை

நேற்றிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. "பேரம் பேசத் தெரியாதவங்க எதுக்கு மிதக்கும் சந்தைக்குப் போகணும்?" படகில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நான் பகிர்ந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இத்தனை பேரும் கேட்கிறீர்கள். சிரிப்புப் பொம்மை வேறு. சரி, ஒரே தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் பேரம் பேசத் தெரியாமல் ஏமாறவில்லை. பேரம் பேசி முடித்த பிறகு ஏமாற்றப்பட்டேன். இரண்டும் ஒன்றல்ல.

நாங்கள் போனது தாய்லாந்தில் கால்வாயில் நடக்கும் டம்னோன் சாடுவாக் மிதக்கும் சந்தைக்கு. பாங்காக்கிலிருந்து தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டர். கார் ஓட்டுநர் எங்களைச் சந்தை வரைக்கும் கொண்டுபோகவே இல்லை. முன்னாலேயே ஒரு தனியார் படகுத்துறையில் இறக்கிவிட்டு, இங்கிருந்துதான் போகணும் என்றார். கவுண்டரில் இருந்த பெண் படகுச் சவாரிக்குக் கால்குலேட்டரில் 2000 பாத் (தாய்லாந்துப் பணம்) என்று அடித்துக் காட்டினார். மறுத்தேன். 1500. பிறகு 1200. அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி நடந்தேன். கூப்பிட்டு 800 என்று காட்டினார். நான் அம்மாவையும் என்னையும் கைகாட்டி, இரண்டு விரலை நீட்டி, "ரெண்டு பேருக்கும் சேர்த்து, ஒரு மணி நேரம்" என்று கேட்டேன். தலையாட்டினார். பணத்தைத் திரும்பி வந்து கொடுத்தால் போதும் என்றார்.

திரும்பி வந்தபோது அதே பெண் 1600 பாத் கேட்டார். தலைக்கு 800 என்றுதான் சொன்னாராம். ஒரு மணி நேரம் என்பது 35 நிமிடத்தில் முடிந்திருந்தது. படகு படிக்கட்டுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றது. பணம் கைக்குப் போகும்வரை கயிற்றைக் கட்டவில்லை.

நான் சொல்வது இது ஒன்றுதான். கரையில் பேசிய விலை தண்ணீரில் மாறக் கூடாது. கரையில் இருக்கும்போது எனக்கு வேண்டாம் என்று சொல்லி நடந்துபோக முடியும். தண்ணீரில் முடியாது. விலையைக் கூட்டுவதற்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது வியாபாரம் இல்லை.

"வெளிநாட்டுக்காரனுக்கு எல்லா ஊரிலும் தனி விலைதான், இதுகூடத் தெரியாதா" என்கிறார் ஒருவர். தெரியும். பாங்காக் அரண்மனையில் வெளிநாட்டவருக்கு 500 பாத், தாய்லாந்துக்காரர்களுக்கு இலவசம். பலகையில் எழுதியிருந்தது, கொடுத்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் நாடு, அவர்கள் அரண்மனை. விலை அதிகம் என்பது என் புகாரே இல்லை. 2000 என்று சொல்லி அதிலேயே நின்றிருந்தால் போயிருப்பேன், அல்லது போகாமல் இருந்திருப்பேன்.

"சுற்றுலாப் போலீஸ் எண் 1155 இருக்கே, கூப்பிட வேண்டியதுதானே." கூப்பிடலாம். இரண்டு முட்டியும் வலிக்கும் அறுபத்தெட்டு வயது அம்மாவை ஆடுகிற படகில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

"பாவம், ஏழைப் படகுக்காரர் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்பதுதான் ரொம்பவே சுட்டது. நான் படகுக்காரரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணத்தை வாங்கியது அவர் இல்லை. அவர் கடைசிவரை என் கண்ணையே பார்க்கவில்லை.

சரி, அந்தச் சவாரியாவது நன்றாக இருந்ததா? காரில் போகும்போது அம்மாவுக்கு அந்தச் சந்தை இருக்கும் கால்வாயின் கதையைப் படித்துக்காட்டியிருந்தேன். நான்காம் ராமா மன்னர் காலத்தில், 1866இல் வெட்ட ஆரம்பித்து 1868இல் திறந்தார்கள். மே க்லோங் ஆற்றையும் தா சின் ஆற்றையும் இணைக்க 32 கிலோமீட்டர். எத்தனை பேர் மண் சுமந்திருப்பார்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். ஓலைத் தொப்பி போட்ட பெண்கள் படகு நிறையப் பழத்தோடு துடுப்புப் போட்டு வருவதைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை.

நாங்கள் பார்த்தது கடைகள். இரு கரையிலும் யானைப் படம் போட்ட கால்சட்டை, மரத் தவளை, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம். கடைக்காரர்கள் கொக்கி வைத்த கம்பால் படகை இழுத்து ஓரம் கட்டிவிடுகிறார்கள். ஏதாவது வாங்கும்வரை படகு நகராது. காந்தம் 300 என்றார்கள், 150க்கு இறக்கினேன். நாலு கடை தள்ளி அதுவே 60. நீள்வால் படகின் எஞ்சின் சத்தத்தில் அம்மா பேசுவது எனக்குக் கேட்கவில்லை. எதிரே வந்த படகு அடித்த தண்ணீரில் அவள் புடவை நனைந்தது. பாதி நேரம் புகைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தோம்.

துடுப்புப் போட்டு வந்தவர்களில் எங்கள் பக்கம் வந்தது ஒரே ஒரு பாட்டி. மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும் வைத்திருந்தார். 80 பாத் என்றார். காந்தக் கடையில் ஏமாந்த எரிச்சல் உள்ளே இருந்தது. 50 என்றேன். பாட்டி ஒன்றும் சொல்லாமல் தட்டை நீட்டிவிட்டு 50ஐ வாங்கிக்கொண்டு துடுப்பை எடுத்தார். அம்மா அந்தச் சோற்றைத் தொடவில்லை. "அந்த அம்மா வெயில்ல துடுப்புப் போட்டு வந்திருக்கா, அவகிட்டயா உன் கெட்டிக்காரத்தனம்?" நீங்கள் சிரித்த படம் அந்த நிமிடத்தில் எடுத்தது. அது அம்மா என்மேல் கோபமாக இருக்கும் முகம். அன்றைக்கு ஏமாற்றாமல் விற்ற ஒரே மனுஷியிடம் நான் பேரம் பேசியிருக்கிறேன். அதற்கு எந்தப் பதிலும் என்னிடம் இல்லை.

மறுநாள் பாங்காக்கில் ஆரஞ்சுக் கொடி போட்ட சாவ் பிரயா ஆற்றுப் படகில் ஏறினோம். எவ்வளவு தூரம் போனாலும் 16 பாத். நடத்துநர் சில்லறை போட்ட தகரக் குழாயைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைக்கும் 16, எங்களுக்கும் 16. வாட் அருண் புத்தர் கோயிலின் கோபுரம் தெரிந்ததும், அது நம் அருணன் பேர்தான் என்று சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். இறங்கும்வரை கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தாள், மறுபடி காசு கேட்பார்களோ என்று.

இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த 800 பாத்தை எப்போதோ மறந்துவிட்டேன். போன வாரம், அடுத்து எங்கே போகலாம் என்று அம்மாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "படகு இல்லாத ஊராப் பாரு" என்றாள்.