சட்டம் இருந்தும் பத்து வருடம் நடக்காத தேர்தல்

"மக்கள் முடிவு செய்வதுதான் ஜனநாயகம், ஆட்சியிலும் கட்சியிலும் மேலே இருப்பவர்களுக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்பவர்களை ஒருமுறை உசிலம்பட்டிப் பக்கம் கூட்டிப்போக வேண்டும்.

1996இல் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருடம் என்ன நடந்தது? சில தடவை ஒருவரும் மனுத்தாக்கல் செய்யவில்லை. சில தடவை ஆதிக்க சாதி ஊர்ப் பெரியவர்களே ஓர் ஆளை நிறுத்தினார்கள். அவர் ஜெயித்தார், பதவியேற்றார், கையோடு ராஜினாமா கொடுத்தார். மறுபடி அறிவிப்பு, மறுபடி தேர்தல், மறுபடி ராஜினாமா. காகிதத்தில் பார்த்தால் ஒரு விதியும் மீறப்படவில்லை! மனு போடாதது குற்றமில்லை, ராஜினாமா அவரவர் உரிமை. 'மனு வரவில்லை' என்று எழுதி அதிகாரி கோப்பை மூடிவிடலாம்.

துணிந்து நிற்க ஆளில்லையா என்று கேட்காதீர்கள். அதே மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சியில் தலைவர் பதவிக்கு நின்று ஜெயித்த பட்டியல் சாதிக்காரர் முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள்.

அந்த ஊர்களில் பெரும்பான்மை இந்த ஒதுக்கீட்டை ஏற்கவில்லை. தலையை எண்ணுவதே ஜனநாயகம் என்றால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எண்ணிக்கையில் குறைந்தவருக்கும் உரிமை உண்டு என்பதுதான் தாராளவாத ஜனநாயகம். அந்த உரிமைக்குக் காவல் நிற்க வேண்டியவர்கள் ஆட்சியர், அமைச்சர், கட்சிகளின் மாவட்டச் செயலாளர்கள். சாதி ஓட்டு போய்விடும் என்று இவர்கள் வாய்மூடி இருந்தவரை ஒன்றும் அசையவில்லை. 2006இல் அரசு முடிவெடுத்தது, அன்றைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர்க்காரர்களிடம் பேசினார், அக்டோபரில் தேர்தல் நடந்தது. ஜெயித்தவர்கள் பதவியில் நீடித்தார்கள். சட்டமும் பழையதுதான், ஊரும் பழையதுதான்.

ஜெயித்த பிறகும் பூட்டு இருக்கிறது. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். பணம் கையாடப்படாமல் இருக்க வைத்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் துணைத்தலைவர் ஆதிக்க சாதியாக இருந்து கையெழுத்தை இழுத்தடித்தால் தெருவிளக்குகூட மாற்ற முடியாது. 'இவருக்கு நிர்வாகம் தெரியவில்லை' என்ற பேர் மட்டும் தலைவருக்கு வரும். பட்டியல் சாதித் தலைவரைச் சுதந்திர தினத்தில் கொடியேற்றக்கூட விடாத ஊர்கள் இருந்ததால்தான் 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது.

அடுத்த ஊராட்சித் தேர்தலுக்கு முன் ஒவ்வொரு கட்சியின் மாவட்டச் செயலாளரும் ரிசர்வ் பஞ்சாயத்துகளில் வேட்பாளரை யார் வீட்டுத் திண்ணையில் முடிவு செய்கிறார்கள் என்று நேரில் போய் விசாரிக்கட்டும். தேர்தல் முடிந்ததும் கையெழுத்துக்காக முடங்கிக் கிடக்கும் பில்களின் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்சியர் கேட்டு வாங்கட்டும்.