லாஸ் வேகஸ் புல்தரையும் நீரூற்றும்: உண்மை என்ன?

‘லாஸ் வேகஸில் காசு கொடுத்து வீட்டுப் புல்லைப் பிடுங்கச் சொல்கிறார்கள், மிச்சமாகும் தண்ணீர் சூதாட்ட விடுதி நீரூற்றுக்குப் போகிறது’ என்று ஒரு தகவல் சுற்றுகிறது. புல்லை எடுக்கக் காசு கொடுப்பது உண்மை, நீரூற்றுக் கதை தவறு.

நகரத்தின் பிரபலமான பெல்லாஜியோ விடுதி நீரூற்றுக்கு, கொலராடோ ஆற்றின் நீர்த்தேக்கமான மீட் ஏரியின் தண்ணீரே வருவதில்லை. அங்கே முன்பிருந்த கோல்ஃப் மைதானத்தின் கிணற்றுநீர்தான் ஓடுகிறது.

சரி, புல்லை எடுக்க ஏன் மானியம்? குளியலறை, சமையலறை, ஓட்டல் அறை என்று கட்டடத்துக்குள் புழங்கும் தண்ணீர் ஏறக்குறைய முழுதும் சுத்திகரிக்கப்பட்டு மீட் ஏரிக்கே திரும்புகிறது. திரும்பும் அளவுக்கு, லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலம் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். புல்லுக்குப் பாய்ச்சியது திரும்பாது, பாலைவன வெயிலில் ஆவியாகிவிடும். ஒரு சதுர அடி புல்லை எடுத்து, வறட்சி தாங்கும் செடி வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 208 லிட்டர் மிச்சம். அருமையான திட்டம் இது, கொச்சைப்படுத்தாதீர்கள்.

அப்புறம், நெவாடாவின் 2021 சட்டம் 2027 முதல் தடுப்பது சாலையோரம், அலுவலக வளாகம் போன்ற இடங்களில் உள்ள அலங்காரப் புல்லுக்கு கொலராடோ ஆற்றுநீர் பாய்ச்சுவதைத்தான். தனிவீட்டுப் புல் அதில் வராது.