குறளில் ஏழு சொற்களா?

'ஒவ்வொரு குறளும் சரியாக ஏழே சொற்கள்' என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. ஏழு என்பது சீர்க் கணக்கு, அதாவது ஓசைக்காக அடியைப் பிரிக்கும் துண்டுகளின் கணக்கு: முதல் அடியில் நான்கு, இரண்டாம் அடியில் மூன்று.

127ஆம் குறளையே எடுங்கள்:

யாகாவா ராயினும் நாகாக்க காவாக்கால்
சோகாப்பர் சொல்லிழுக்குப் பட்டு.

சீர் ஏழுதான். ஆனால் 'யாகாவா' என்ற முதல் சீரில் யா, காவார் என இரண்டு சொற்கள். அதிலும் 'காவார்' முழுசாக இல்லை. அதன் 'ர்' அடுத்த சீருக்குத் தாவி, 'ஆயினும்' என்பதோடு ஒட்டி 'ராயினும்' ஆகிவிட்டது. 'நாகாக்க', 'சொல்லிழுக்கு' இரண்டிலுமே இரண்டிரண்டு சொற்கள். பிரித்து எண்ணினால் பத்து வருகிறது.

அந்தப் படத்தில் 'எதுகை என்றால் அடியின் கடைசியில் வரும் ஒலி ஒற்றுமை' என்றும் இருக்கிறது. அது இயைபு. எதுகைக்கு இரண்டாம் எழுத்தைப் பாருங்கள்: யாகாவா, சோகாப்பர்.