வயதை மட்டும் குற்றம் சொல்வானேன்?
'70 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவமனையில் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு வர வயதே முதல் காரணம்' என்கிறது இங்கே வெளியான கட்டுரை. பாதி உண்மை. 40 வயதுக்குப் பிறகு சிறுநீரகம் வடிகட்டும் திறன் மெல்லக் குறைகிறது, முதுமையில் தாக உணர்வும் மங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் என் தந்தைக்கு 78 வயதில் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை நடந்தபோது, சேர்ந்த அன்று ரத்தத்தில் கிரியேட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் கூடும்) 0.6, மறுநாள் மாலை 1.0. ஆய்வக அறிக்கையில் இரண்டுமே 'இயல்பு' என்றுதான் அச்சாகியிருந்தது. 48 மணி நேரத்துக்குள் 0.3 கூடினாலே பாதிப்பு என்று கேடிகோ (KDIGO) என்ற சர்வதேசச் சிறுநீரக மருத்துவ அமைப்பின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. முதியவர்களுக்குத் தசை குறைவு, அதனால் கிரியேட்டினினும் குறைத்தே காட்டும், அவர்களுடைய 1.0 ஓர் இளைஞனின் 1.0 அல்ல. இரவு முழுவதும் பையில் 150 மில்லி சிறுநீர்கூடச் சேரவில்லை என்பதைக் கவனித்தவர் ஒரு செவிலியர். அவர் சொன்ன பிறகுதான் வலிக்குப் போட்டுவந்த டைக்ளோஃபெனாக்கை நிறுத்தினார்கள். அதுவரை ரத்த அழுத்தத்துக்கான ராமிப்ரிலும் நீர் பிரியும் மாத்திரையும் அதோடு சேர்ந்தே போய்க்கொண்டிருந்தன. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆகாது என்பது மருத்துவர்கள் அறியாததா? 'இந்த வயதில் இதெல்லாம் சகஜம்' என்று மேலே பின்னூட்டம் எழுதியிருக்கும் அன்பருக்கு: ஐந்தாம் நாள் கிரியேட்டினின் 0.7க்கு இறங்கிவிட்டது, அப்போதும் அப்பாவுக்கு வயது 78தான்.