துணிப்பையும் நுண்தூசியும்: ஒரு திருத்தம்

தச்சுப்பட்டறையில் மரத்தூசியை உறிஞ்சித் துணிப்பையில் சேர்க்கும் இயந்திரத்தைப் பற்றி, "தரையில் மரச்சீவல் சிந்தவில்லை என்றால் துணிப்பை இயந்திரம் தூசி முழுவதையும் பிடித்துவிட்டது என்று பொருள்" என இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் ஆமோதித்திருக்கிறார்கள். சீவலைப் பொறுத்தவரை அது சரி. மரம் சீவும் இழைப்பு இயந்திரத்தோடு வைத்துக்கொள்ள, மலிவு விலைக்கு அது நல்ல தேர்வுதான். தூசி விஷயத்தில் மட்டும் சரியில்லை.

மலிவான இயந்திரங்களோடு வரும் பை பெரும்பாலும் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகள்களைப் பிடிக்கும் அளவில்தான் இருக்கும். நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய துகள்கள் 10 மைக்ரானுக்கும் கீழே. வெறும் கண்ணுக்குத் தெரியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது கிளம்புவது இந்த வகைதான். புதுப் பை அதில் பெரும்பகுதியை அறைக்குள்ளேயே திருப்பி ஊதிவிடும். (பழைய பையில் தூசி படிந்தபின் கொஞ்சம் தேவலை, ஆனால் உறிஞ்சும் வேகம் குறைந்துவிடும்.) மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்தியிருக்கிறது.

என் சொல்லை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். இரவில் விளக்கை அணைத்து, பைக்குப் பக்கவாட்டில் டார்ச் அடித்துக் காற்றைக் கவனியுங்கள். பிறகு உப்புத்தாள் வேலை செய்துகொண்டே இயந்திரத்தை ஓடவிட்டு, மறுபடி அதே இடத்தில் பாருங்கள். ஒளிக்கற்றையில் பைக்குப் பக்கத்தில் முன்பைவிட அதிகமாக மினுங்கினால், அது பெரும்பாலும் பையைத் தாண்டி வந்தது. பையின் லேபிளில் பெரும்பாலும் மைக்ரான் எண்ணும் இருக்கும். இயந்திரத்தை மாற்றத் தேவையில்லை. 1 மைக்ரான் பையோ கார்ட்ரிட்ஜ் வடிகட்டியோ (பைக்குப் பதிலாகப் பொருத்தும், மடிப்புகள் கொண்ட உருளை வடிகட்டி) பொருந்துமா என்று பாருங்கள்.